அடுப்படியில் இருக்கும் மாடி ஸ்விட்ச்

மச்சான்,

என் சட்டைப் பையில் ஒரு ஸ்டார்டர் இருக்கிறது. மாடியில் நீ இருந்த அறையின் டியூப்லைட்டிலிருந்து இன்று கழற்றியது. கட்டைவிரல் அளவு அலுமினிய டப்பா. மூக்கருகே கொண்டுபோனால் சூட்டில் காய்ந்த தூசியின் வாசனை இன்னும் அடிக்கிறது. எலக்ட்ரீஷியன் அதைக் குப்பைச் சாக்கில் போடப் போனார், நான் கையை நீட்டிவிட்டேன். "இதுல ஒண்ணும் இல்ல சார், காயலான் கடைக்காரன்கூட எடுக்க மாட்டான்" என்றார். தெரியும் என்று சொல்லி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் இருந்த எல்லா டியூப்லைட்டையும் எடுத்தாயிற்று. கூடத்தில் இருந்தது இரண்டு முனையிலும் கறுத்துப்போய், நடுவில் எரியாமல் ஓரம் மட்டும் சிவந்துகொண்டிருந்தது. உன் தங்கை அதைப் பழைய புடவையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்து, திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனாள். "இப்ப டியூப்ப யாரும்மா வாங்குறாங்க? ஸ்டாக்கே வெக்கிறதில்ல. எல்.இ.டி. போட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வந்ததும் வராததுமாக, மாற்றுவதென்றால் ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டாள். தனம் முடிவு செய்தால் அப்பீல் கிடையாது என்பது அவளோடு பிறந்த உனக்குத் தெரியும்.

முதுநகரிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் பாஸ்கர் காலையிலேயே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். டியூப்லைட் மாட்டியிருந்த ஒவ்வொரு பட்டியைக் கழற்றும்போதும் சுவரில் அதன் நீளத்துக்குப் பழைய பச்சைப் பெயின்ட் தெரிந்தது. நம் பெண் அபி கல்யாணத்துக்கு வெள்ளையடித்தவர்கள் பட்டியைக் கழற்றாமலே சுற்றிச் சுற்றி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றைக்கு மேற்பார்வை பார்த்தது நீதான். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக உன் அறைக்கு வந்தோம். கழற்றுவதற்கு முன் பாஸ்கர் ஒரு தடவை ஸ்விட்ச்சைப் போட்டுப் பார்த்தார். அது வழக்கம்போல மினுக்கி மினுக்கி யோசித்துவிட்டு எரிந்தது. உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இன்னா சார், சோக்கு இந்த எரை எரையுது! காதுல வண்டு பூந்த மாதிரி. இதுக்குக் கீழயா ஒக்காந்து பேப்பர் படிக்கிறீங்க?"

தனம் வாசற்படியில் நின்றிருந்தாள். நான் சிரித்து, "பழகிடுச்சுப்பா" என்றேன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, மச்சான். அந்த அறையில் எனக்கு எந்த இரைச்சலும் கேட்கவில்லை.

இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் நீதான், நீ இல்லை. கொஞ்ச காலமாகவே இப்படித்தான் இருக்கிறது. சிதம்பரத்தில் ஜவுளிக் கடையில் வேட்டி சட்டைப் பக்கம் நிற்கிறேன் அல்லவா, வாடிக்கையாளர் ஏதோ கேட்பார், மேலே ஃபேன் சுற்றும், பாட்டு ஓடும், நான் அவர் கேட்காத எதையோ பிரித்துப் போடுவேன். நல்லவராக இருந்தால் இன்னொரு தடவை சொல்வார். முதலாளிக்குத் தெரிந்தால் குடோனில் மடிக்கிற வேலைக்கு அனுப்பிவிடுவார் என்று பயம். அபி போன் செய்தால் "டவர் சரியில்லம்மா" என்று அவள் அம்மாவிடம் நீட்டிவிடுகிறேன். கடையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் அவள் வீடு. முன்பெல்லாம் மதியச் சாப்பாடு அங்கேதான். இப்போது டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு போகிறேன்.

காரணம் என் பேத்தி. அவளுக்கு இப்போது ரகசியம் சொல்கிற வயது. கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதில் வாயை வைத்து, என்னவோ சொல்லிவிட்டு, கண்ணை அகல விரித்து என் முகத்தைப் பார்ப்பாள். வாய்ச்சூடு மட்டும்தான் எனக்குத் தெரியும். நானும் கண்ணை விரித்து "அப்படியா!" என்பேன். அவளுடைய ரகசியங்களில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. போன மாதம் அவள் சொல்லிவிட்டு ஏதோ பதிலுக்குக் காத்திருந்தாள். நான் அப்படியா என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அங்கே சாப்பிடப் போகவில்லை.

உனக்கும் இப்படி ஒரு சோக்கில்தான் தொடங்கியது, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நீ துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தாய். பகலெல்லாம் விசைப்படகு என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பாய். நாங்கள் ஒருநாள் உன் வீட்டுக்கு வந்தபோது தனம் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள். "அண்ணா, அந்த லைட்ட மாத்துண்ணா. தல வலிக்குது, இப்படி எரையுதே" என்றாள். நீ மேலே பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "எது எரையுது, மாப்ள?"

எல்லாரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே ஸ்டூலில் ஏறி, உள்ளங்கையை அந்தப் பட்டியின்மேல் வைத்தாய். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. "ஆமா, எரையுது" என்று சொல்லிவிட்டு இறங்கினாய்.

நானாக இருந்தால் மறைத்திருப்பேன். இப்போது மறைத்துக்கொண்டுதானே இருக்கிறேன். நீயோ அடுத்த வாரமே ஊரெல்லாம் சொல்லிவிட்டாய். டீக்கடையில், முடிவெட்டும் கடையில், கண்டக்டரிடம், கோயில் குருக்களிடம், புதிதாக யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை அதுதான். "எனக்குக் காது மந்தம். எதிர்ல வந்து பேசு." கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. பேரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது போலத்தான் சொல்வாய். ஒருநாள் சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர் உன் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தோ கத்தென்று கத்திவிட்டு, கடைசியில் நீ திரும்பி இதைச் சொன்னதும் அசடு வழிந்தார். சிதம்பரம் போய்ச் சேரும்வரை அவர் தன் மாமியாரைப் பற்றி எதிரில் நின்றே உன்னிடம் புலம்பிக்கொண்டு வந்தார்.

எனக்கு அப்போதெல்லாம் கூச்சமாக இருக்கும். திருவதிகையில் அபிக்குக் காது குத்தினபோது தாய்மாமன் மடியென்று உன் மடியில்தான் உட்காரவைத்தோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் உன் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆசாரி, ஒத்த வூட்ல எத்தினி ஓட்டக் காது பாரு. எனுது கேக்காது, இதுக்கு நீ புதுசா ஓட்ட போடு" என்றாய். அபி போட்ட அலறலில் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். நீ ஒருத்தன்தான் நிம்மதியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வாயில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டிருந்தாய். "காது மந்தமானவன் மடிதான் மாப்ள காதுகுத்துக்கு ராசி" என்று திரும்பும் வழியெல்லாம் பெருமை வேறு.

அந்த அபிதான் வளர்ந்ததும் உனக்கு ரகசியம் சொல்வதற்குப் புது வழி கண்டுபிடித்தாள். காதில் சொல்லிப் பயனில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீடு நிறைய ஆள் இருக்கும்போதே, எதிர் மூலையில் நின்றுகொண்டு, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்பாள். நீ தலையை ஆட்டுவாய், அல்லது "முடியாது, உங்கம்மா திட்டும்" என்று சத்தமாகச் சொல்லிக் காரியத்தைக் கெடுப்பாய். பெற்றவர்கள் நாங்கள் நடுவில் உட்கார்ந்து முழிப்போம்.

அவளுக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை பார்த்தபோது, வண்டியில் போகும்போதே உன்னிடம் சொல்லிவைத்தேன். முதல் தடவை போகிறோம், காது விஷயத்தை எல்லாம் இன்றைக்கே ஆரம்பிக்காதே என்று. சரி சரி என்று தலையாட்டினாய். உள்ளே போய் உட்கார்ந்தாய், தண்ணீர் குடித்தாய், செம்பைக் கீழே வைத்தாய். "எனக்குக் காது மந்தம். நல்லது பேசுனாலும் கெட்டது பேசுனாலும் எதிர்ல வந்து பேசுங்க." எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உனக்கு நேரே போட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யார் பேசினாலும் உன் முகத்தைப் பார்த்து நிதானமாக, ஒருத்தர் முடித்த பிறகு இன்னொருத்தர் என்றுதான் பேசினார்கள். சம்பந்தம் பேசுகிற இடத்தில் கூச்சல் இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உன் வீட்டுக்காரி போன பிறகு நீ எங்கள் மாடிக்கு வந்தாய். தனத்துக்கு அப்போதே முழங்கால் வலி. சாப்பாட்டு நேரத்துக்குக் கீழே நின்று கத்திப் பார்ப்பாள், பிறகு முனகிக்கொண்டே படி ஏறுவாள். நீ அதைப் பார்த்துவிட்டு, மறுநாளே ஒரு பைப்பும் ஒயரும் வாங்கிவந்து, மாடி அறை டியூப்லைட்டுக்கு அடுப்படியில் ஒரு ஸ்விட்ச் வைத்தாய். அவள் கீழே அணைத்துப் போட்டால் மேலே லைட் அணைந்து, மினுக்கி, மறுபடி எரியும். நீ பேப்பரை மடித்துவைத்துவிட்டு இறங்கி வருவாய்.

அந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. நம்மூர் கரண்டு. அது போய்விட்டு வந்தாலும் லைட் அணைந்து மினுக்கி எரியும். நீயும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தட்டின்முன் உட்கார்ந்துவிடுவாய். அடுப்பில் உலைகூட வைத்திருக்க மாட்டாள். இருந்தாலும் அண்ணன் வந்து உட்கார்ந்துவிட்டானே என்று, ஒன்றும் சொல்லாமல் இரண்டு தோசை ஊற்றுவாள். கரண்டு ஜாஸ்தி போன அந்த வருஷங்களில் நீ நன்றாகவே சதை போட்டாய். ஒருநாள் சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து உட்கார்ந்தபோதுதான் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அது கரண்டு கட்டு மச்சான், சோறு இல்ல" என்றேன். நீ தனத்தைப் பார்த்தாய். "இத்தினி நாளா சும்மா சும்மாவா தோச சுட்டுப் போட்ட?" என்றாய். "பின்ன, வந்து ஒக்காந்துட்ட. எழுந்து போன்னா சொல்வாங்க?" என்றாள் அவள்.

அன்றைக்கு மாடிக்குப் போய் நீ வெகுநேரம் யோசித்திருக்கிறாய். மறுநாள் வந்து தீர்ப்பைச் சொன்னாய். ஸ்விட்ச் லைட்டுக்கு மட்டும்தான், ஃபேனுக்கு இல்லை. "ஃபேன் நின்னா கரண்டு. ஃபேன் ஓடுனா சோறு." அதற்குப் பிறகு நீ ஏமாறவில்லை. ஆனால் கரண்டு போகும்போதும் சில நாள் இறங்கி வருவாய், ஒன்றும் தெரியாதவன் போல. தோசை கிடைக்காமல் போனதில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் லைட்டை அணைக்கவே மாட்டார்கள். அந்த வார்டில் உன்னைக் கூப்பிட வழி தெரியாமல் தனம் தவித்தாள். கண்ணை மூடியிருப்பவன் எதிரில் நின்று பேசி என்ன பயன்? உள்ளங்கையை உன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ அதை அறிந்தாயா என்று அவள் இன்னும் என்னிடம் கேட்கிறாள். அறிந்திருப்பாய் என்றுதான் சொல்கிறேன். பட்டியில் கை வைத்து இரைச்சலைக் கண்டுபிடித்தவனுக்கு அது தெரியாமலா போகும்?

நீ போனதிலிருந்து சாயங்காலம் வந்தால் நான் உன் அறைக்கு ஏறிவிடுகிறேன். உன் ஞாபகம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஞாபகம்தான், ஆனால் முக்கால்வாசி ஒளிந்துகொள்வது. மாடியில் யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை, அதனால் எனக்குக் கேட்கவில்லை என்று யாருக்கும் தெரிவதில்லை. கடையைக்கூடச் சமாளித்துவிடுவேன், மச்சான். தனத்திடம் எப்படிச் சொல்வது? அண்ணனுக்காக இத்தனை வருஷம் கத்திக் கத்தி, எதிரில் போய் நின்று நின்று, படியேறி இறங்கி முடித்தவள். இப்போது புருஷனுக்காக முதலிலிருந்து ஆரம்பி என்றா சொல்வது? அதுதான் வாய் வரவில்லை.

பாஸ்கர் புது லைட்டை மாட்டினார். பட்டி மாதிரிதான் இருக்கிறது, ஆனால் கையில் எடுத்தால் அப்பளக் கட்டுக் கனம்கூட இல்லை. சோக் இல்லை, ஸ்டார்டர் இல்லை. போட்டதும் யோசிக்காமல் பளிச்சென்று எரிகிறது. உன் பழைய டியூப்லைட்டுக்குக் கொஞ்சம் மரியாதை தெரியும், கண்ணைச் சிமிட்டி வரட்டுமா என்று கேட்டுவிட்டு வரும். இது கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற விருந்தாளி. சொன்னால் தனம் திட்டுவாள், அவளுக்கு வெளிச்சம் பிடித்துவிட்டது.

சாமானை எல்லாம் கட்டும்போது பாஸ்கர் அடுப்படி ஸ்விட்ச்சைப் பார்த்துவிட்டார். தனத்துக்கு எதிரே நின்றுதான் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்ததால் புரிந்தது. "இது எதுக்கும்மா? மேலயே ஸ்விட்ச்சு இருக்கே. இத்த எடுத்துட்டு நேரா குடுத்துடவா? ஒயரு மிச்சம்."

"இருக்கட்டும்பா" என்றாள் தனம்.

"சும்மாதானம்மா கெடக்கப் போவுது."

"இருக்கட்டும், அவுங்களுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு அரிசி களையத் திரும்பிவிட்டாள். இல்லாத அண்ணனுக்காக ஒரு ஸ்விட்ச்சை விட்டுவைக்கிறாள் என்று நினைத்தேன். அவளை அங்கே விட்டுவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். புது வெளிச்சத்தில் உன் மேஜையில் உட்கார்ந்துதான் இதுவரை எழுதினேன். இந்த இடத்தில் நிறுத்தவேண்டியதாகிவிட்டது.

சாப்பிட்டுவிட்டு வந்து இப்போதுதான் மிச்சத்தை எழுதுகிறேன்.

அந்த இடத்தை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் லைட் அணைந்தது. உடனே எரிந்தது. புது லைட்டு, அதற்குள்ளா போயிற்று என்று பாஸ்கரைத் திட்ட வாயெடுத்தேன். பிறகு கரண்டாக இருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, மச்சான்.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு தடவை அணைத்துப் போட்டாள். நான் படியில் இறங்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டேன். வெட்கமெல்லாம் இல்லை, உன்னிடம் என்ன வெட்கம்.

அடுப்படியில் அவள் ஒரு கையில் தோசைத் திருப்பியும் இன்னொரு கை ஸ்விட்ச்சிலுமாக நின்றிருந்தாள். நான் வாசலிலேயே நின்று சொன்னேன். இத்தனை நாள் வராத வாய் உன் குரலில் வந்தது. "தனம், எனக்குக் காது மந்தம். எதிர்ல வந்து பேசு."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். கண் கலங்கியிருந்தது. "எங்கண்ணன் கூடப் பொறந்தவ நான். எனக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னா நீங்க எங்க நின்னீங்க? நான் வாயத் தெறந்தா மாடிக்கு ஓடிடுறீங்க" என்றாள். ஒவ்வொரு சொல்லாக, உனக்குச் சொல்வது போலவே நிறுத்திச் சொன்னாள். பிறகு, "தோச ஆறுது, வாங்க" என்றாள். நான் பயந்ததுபோல அவள் முகத்தில் அலுப்பு ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், நீ போனதிலிருந்து அவளை இவ்வளவு தெளிவாக நான் பார்த்திருக்கவில்லை. பார்க்கவேண்டிய இடத்தில் நான் நிற்கவில்லை.

அவளே போனை எடுத்து அபியிடம் சொல்லிவிட்டாள். டாக்டரிடம் காட்டி மெஷின் வைப்பதைப் பற்றி அம்மாவும் பெண்ணும் பேசி முடித்துவிட்டார்கள், என் சம்மதம் கேட்கப்படவில்லை. கடையில் திங்கட்கிழமை நானே சொல்லப் போகிறேன். குடோன் என்றால் குடோன்.

நாளைக்குச் சிதம்பரம் போகிறோம், மதியச் சாப்பாடு அபி வீட்டில். பேத்தி ஓடிவந்து கழுத்தைக் கட்டுவாள். அவளை இறக்கி, கூடத்தின் எதிர் மூலையில் நிறுத்திவைக்கப் போகிறேன். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைக்க அவள் அம்மா சொல்லித்தரட்டும், அவளுக்குத்தான் அது தெரியும். எனக்குப் பழக நாளாகும். பழைய டியூப்லைட் மாதிரி மினுக்கி மினுக்கித்தான் விளங்கும். அது வரைக்கும் ஒன்றை மட்டும் செய்ய மாட்டேன், தெரியாததற்கு "அப்படியா" என்று சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை சொல்லு கண்ணு என்பேன்.

ஸ்டார்டரைப் பையிலேயே வைத்துக்கொள்கிறேன். புதியவர் யாரையாவது பார்த்து அந்த முதல் வார்த்தை தொண்டையில் நிற்கும்போது தொட்டுக்கொள்ள எனக்கு ஏதாவது வேண்டும். பேத்தி நாளைக்கு என்ன சொன்னாள் என்று உனக்கு எழுத மாட்டேன், மச்சான். அது எங்கள் இரண்டு பேருக்குள் ரகசியம்.

உன் மாப்ள